கோல் கம்பத்துக்குள் ஓர் ஊசி

டெக்சாஸில் ஆலன் ஊருக்கு வெளியே இருக்கும் ரெட் க்ரீக் ஸ்டேடியத்தில் அன்று காலை கோல் கம்பங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தின் அடியைச் சுற்றிக் கட்டியிருந்த நுரை மெத்தையின் ஜிப்பை ஒரு வேலையாள் கீழே இழுத்தார். உள்ளேயிருந்து தடித்த பேனா மாதிரி ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது. எபிபென். அலர்ஜியில் மூச்சு அடைத்தால் தொடையில் குத்திக்கொள்கிற ஊசி. இது குத்தப்படாத ஊசி. மேலே ஒட்டியிருந்த மருந்துக்கடை லேபிளில் ஜுஹைர் என்று பெயர் இருந்தது.

ஜுஹைரை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

மத்தியானம் ப்ரியம்வதா வந்து சேர்வதற்குள் ஊசியைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. கம்பம் மட்டும்தான் பாக்கி. சான் ரமோனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பல வருஷம் பொய்களைப் பிடித்துக் கொடுத்தவள் அவள். இப்போது அதையே சொந்தத் தொழிலாகச் செய்கிறாள். ஐம்பது தாண்டியும் நடையில் வேகம் குறையவில்லை, பொறுமைதான் குறைந்திருந்தது. உதவியாளன் சுப்பையன் சான் ஹோசேயில் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கும் உத்தியோகத்தில் இருந்து லே-ஆஃப் ஆனவன். உத்தியோகம் போனதே தவிர, குறை கண்டுபிடிக்கும் வாய் போகவில்லை.

"மேடம், அமெரிக்கா கோல் கம்பம்னா ஒத்தக் கால்ல நிக்கும்னுல்லா நெனச்சேன். இது ரெண்டு கால்ல நிக்கு."

"ஒத்தக் கால்ல நிக்கறது அமெரிக்கன் ஃபுட்பால் கம்பம். இது ரக்பி லீக். பதிமூணு பேர், ஹெல்மெட் கிடையாது, தோள்ல பேடு கிடையாது. கம்பமும் கோட்டு மேலயே நிக்கும். ஓடி வர்றவன் மோதி மண்டை உடையக் கூடாதுன்னு அதுக்கு மட்டும் மெத்தை கட்டுவாங்க."

"ஆளுக்கு இல்லாத மெத்தை கம்பத்துக்கா? நல்லா இருக்கே நியாயம்."

ஒரே கல்யாண மண்டபம் ஒரு நாள் காதுகுத்துக்கும் மறுநாள் ரிசப்ஷனுக்கும் மாறுகிற மாதிரி, இந்த ஸ்டேடியத்தையும் மாற்றியிருந்தார்கள். கட்டியது அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு. நாலு தேசத்து அணிகள் மோதும் ரக்பி லீக் கோப்பை இங்கே என்று முடிவானதும், மைதானம் அகலம் போதாமல் இரண்டு பக்கமும் முன்வரிசை நாற்காலிகளைக் கழற்றி, செயற்கைப் புல்லின்மேல் நிஜப் புல்லைப் பாய் மாதிரி விரித்து, புதுக் கம்பங்களை நட்டார்கள். கோப்பை முடிந்துவிட்டது. புல்லைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க அணியில் விளையாட வந்த தமிழ்ப் பையன் ஒருவன் இங்கேயே செத்துப்போனதற்கு அடையாளமாக இந்தக் கம்பம் மட்டும் போலீஸ் நாடா சுற்றி நின்றது.

கம்பத்துக்கு அருகே ஜுஹைரின் தங்கை ஆஃபீஃபா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ப்ரியம்வதாவை வரவழைத்தது அவள்தான்.

"ஆன்ட்டி, இப்பவாச்சும் இது ஆக்சிடென்ட் இல்லைன்னு நம்புவாங்களா?"

"ஊசி தானா நடந்து வந்து ஜிப்பைத் திறந்து உள்ள படுத்துக்காது. நம்புவாங்க."

"எனக்குப் போலீஸ் நம்பணும்னு இல்ல. உம்மா நம்பணும். ஷீ ஸ்டாப்டு ஈட்டிங், ஆன்ட்டி. கிச்சனுக்குள்ளயே போறதில்ல."

காரணம் இருந்தது. ஜுஹைருக்குக் குழந்தையிலிருந்தே முந்திரிப் பருப்பு ஆகாது. ஒரு துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கிவிடும். அதனால் கல்யாண வீட்டில் சாப்பிட மாட்டான், ஹோட்டலில் சாப்பிட மாட்டான். உலகத்தில் அவன் நம்பியது ஒரே ஒரு சமையலறையை. மேட்ச் நாளில் உம்மா பத்ருன்னிசா கொடுத்தனுப்பும் இடியாப்பமும், ஏலக்காய் தட்டிப்போட்ட தேங்காய்ப்பாலும்தான் அவனுக்கு ஆகாரம். மூன்று வாரத்துக்கு முன்னால், டீம் போட்டோ எடுத்துவிட்டு டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்து, லாக்கரில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து இடியாப்பத்தில் பாலை ஊற்றிச் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஊசியைத் தேடினான். எப்போதும் லாக்கர் தட்டில் வைக்கிற ஊசி அங்கே இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டப்பாவில் மிச்சமிருந்த தேங்காய்ப்பாலில் முந்திரி அரைத்துக் கலந்திருந்தது. சமையலறைக் கவனக்குறைவு, ஊசியைப் பையில் வைக்க மறந்த கவனக்குறைவு என்று போலீஸ் எழுதி மூடியது. டப்பாவை நிரப்பியதும் ஊசியை எடுத்து வைத்ததும் பத்ருன்னிசாதான். அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகை முடிந்து நின்ற கூட்டத்துக்கு நடுவில் அவள் கணவர் நூர் முகம்மது, "என் புள்ளையைக் கொன்னது இவ கை" என்று சொன்னார். அத்தனை பேரும் கேட்டார்கள். பத்ருன்னிசா இல்லை என்று சொல்லவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படிச் சொல்கிற மனுஷனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று ப்ரியம்வதாவுக்குத் தோன்றியது. ஆனால் அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்.

"சுப்பையா, எங்க போன?"

சுப்பையன் ஸ்டேடியம் கடையிலிருந்து ஒரு நிஜாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அமெரிக்க டீம் நிஜார் மேடம். கோப்பை முடிஞ்சதுல்லா, பாதி விலைக்குத் தள்ளுதான். வாங்கிட்டுத்தான் பாக்கேன், செல்போன் வைக்க ஒரு பாக்கெட் இல்ல. ஏமாத்திட்டான்."

ப்ரியம்வதா அந்த நிஜாரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு கம்பத்தைப் பார்த்தாள்.

"பாக்கெட் வச்சா எதிராளி விரல் மாட்டும்னு தைக்க மாட்டாங்க. சுப்பையா, நீ இந்த ஊசியைத் திருடிட்ட. என்ன பண்ணுவ?"

"பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டே இருப்பேன்."

"கோச்சா இருந்தா?"

"கோச்சுக்கும் பாக்கெட் இருக்கு. டாக்டருக்கு ரெண்டு இருக்கு. செக்யூரிட்டிக்கு உடம்பு பூரா பாக்கெட்..." சுப்பையன் பாதியில் நிறுத்தினான். "பாக்கெட் இல்லாதவன்தான் கம்பத்துக்குள்ள வைப்பான்."

"டீம் போட்டோ இந்தக் கம்பத்துக்கு முன்னாலதான் எடுத்தாங்க. டிரெஸ்ஸிங் ரூம்ல விட்டா, தேடுறப்ப கெடச்சிடும். கையில வச்சிருந்தா போட்டோவில தெரியும்."

ஆஃபீஃபாவின் முகம் வெளிறிவிட்டது. "டீம்லயா? நோ. எல்லாரும் அழுதாங்க ஆன்ட்டி. ஃப்யூனரல்ல எல்லாரும் அழுதாங்க."

"அழுறதுக்குப் பாக்கெட் தேவையில்லம்மா" என்றான் சுப்பையன்.

"ஆர்யன் அன்னைக்கு அண்ணனுக்கு பதிலா ஆடினான். ஹாஸ்பிட்டல்ல இருக்கான், ஓகே ஆயிடுவான்னு சொல்லி மேட்சை நடத்தினாங்க. ஆர்யன் ஒரு ட்ரை கூடப் போட்டான். ஹியர். இதே கம்பத்துக்குக் கீழ. அண்ணனுக்குன்னு வானத்தைக் காட்டினான். ஸ்டேடியமே எழுந்து நின்னுச்சு."

கோட்டைத் தாண்டி ஓடிப் பந்தைத் தரையில் வைத்தால் அது ட்ரை, நாலு பாயின்ட். ஆஃபீஃபா காட்டிய இடத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம்கூட இல்லை. ஸ்டேடியத்தில் யாருக்கும் அப்போது ஜுஹைர் செத்தது தெரியாது என்பதை ப்ரியம்வதா கவனித்தாள். அப்போதே ஆர்யன் மட்டும், செத்தவனுக்குக் காட்டுகிற மாதிரி வானத்தைக் காட்டியிருக்கிறான்.

"ஆர்யன் யாரு?"

"பக்கத்து வீட்டு காமாக்ஷி ஆன்ட்டி பையன். அண்ணனும் அவனும் சின்ன வயசுல இருந்து ஒண்ணாத்தான். அன்னைக்கும் அண்ணன் கார்லதான் வந்தான்."

"உங்க உம்மா அன்னைக்கு ஸ்டேடியத்துக்குக் கொண்டு வந்த பை எங்க?"

"கராஜ்ல. அன்னைக்குப் போட்டது. யாரும் தொடல."

*

டெக்சாஸ் கராஜ் என்பது கார் நிறுத்தாமல் மற்ற எல்லாம் நிறுத்துகிற இடம். அரிசி மூட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் அந்த நீலக் கூலர் பை கிடந்தது. மேட்ச் நாளில் பார்க்கிங் லாட்டில் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் பீரும் பர்கருமாகக் கொண்டாடுவார்கள். நம்மவர்கள் ஃபில்டர் காபியும் போண்டாவுமாகக் கொண்டாடுவார்கள். பெயர் இரண்டுக்கும் டெயில்கேட்தான். பையில் காலி ஃபிளாஸ்க் இருந்தது, பேப்பர் கப் இருந்தது, அடியில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது.

ப்ரியம்வதா கைக்குட்டையால் பிடித்து அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு.

"இது எங்களோடது" என்றாள் ஆஃபீஃபா. "பாட்லக்ல, ஆளாளுக்கு சமைச்சுக் கொண்டு போறப்ப, மாறிடக் கூடாதுன்னு உம்மா எல்லாப் பாத்திரத்துக்கும் பொட்டு வைப்பாங்க. இது ஒரு செட். காமாக்ஷி ஆன்ட்டியும் உம்மாவும் சேல்ல வாங்கிப் பாதிப் பாதி எடுத்துக்கிட்டாங்க. அண்ணனுக்கு தேங்காய்ப்பால் இதுலதான்..." அவள் நிறுத்திவிட்டாள். "வெயிட். அண்ணன் டப்பா போலீஸ்ட்டல்ல இருக்கு?"

போலீஸ் கொடுத்திருந்த போட்டோவை ப்ரியம்வதா போனில் விரித்தாள். லாக்கரில் கிடைத்த டப்பாவை எல்லாப் பக்கமும் எடுத்திருந்தார்கள். அடிப்பக்கம் பளபளவென்று இருந்தது. பொட்டு இல்லை.

"போலீஸ்கிட்ட இருக்கறது உங்க டப்பா இல்ல" என்றாள் ப்ரியம்வதா. "உங்க உம்மா குடுத்தனுப்பினது இது. வழியில யாரோ மாத்தியிருக்காங்க."

ஆஃபீஃபா அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். மூன்று வாரமாகத் தேடிய வார்த்தை அது. உம்மா செய்யவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டப்பாவை ப்ரியம்வதா திறந்தாள். உள்ளே ஒரு கைப்பிடி சர்க்கரை, ஈரத்தில் இறுகிக் கட்டியாகிக் கிடந்தது.

"மேடம், விஷமா?"

"சர்க்கரைடா. சுப்பையா, உங்கம்மா யார் வீட்டுப் பாத்திரத்தையாவது காலியாத் திருப்பிக் குடுத்துப் பாத்திருக்கியா?"

"எங்கம்மாவா? ஒண்ணும் இல்லன்னா ரெண்டு பச்சமொளகாயாவது போட்டுத்தான் குடுப்பா."

"சாவு விழுந்த வீட்டுக்கு சர்க்கரை போட்டுக் குடுப்பாங்களா?"

"வாரியலாலேயே சாத்துவாங்க மேடம்." சொல்லிவிட்டு அவன் டப்பாவை இன்னொரு தரம் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "அப்ப இதைப் போட்டவங்களுக்குச் சாவு விழப்போறது தெரியாது."

"அவன் உயிரோட இருக்கும்போதே இந்த டப்பா காலியாகி, கழுவி, சர்க்கரை போட்டு, பைக்குள்ள வந்திடுச்சு. பார்க்கிங் லாட்லயே. ஒரு தமிழ் அம்மா கையால. தன் பையன் ஊசியை எடுக்கப்போறான்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

சுப்பையன் தலையைச் சொறிந்தான். "அம்மா கைக்கு எட்டுற எடத்துல டப்பாவை விட்டுட்டு, திறந்து பாக்க மாட்டாங்கன்னு நம்பியிருக்கான் பாருங்க. அமெரிக்காவுல பொறந்த பையன்தான் மேடம்."

ப்ரியம்வதா போலீஸ் அதிகாரிக்கு ஃபோன் செய்து, வாசலில் வந்து நிற்கச் சொன்னாள். பிறகு ஃபோனில் ரிக்கார்டரைத் தட்டி, டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

"மேடம்" என்று சுப்பையன் பின்னாலேயே வந்தான். "காமாக்ஷியம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டுக் கேக்கலாமே."

"சொல்லிட்டுக் கேட்டா எந்த அம்மா பதில் சொல்லுவா?"

*

ஹாலில் சோபா ஓரத்தில் பத்ருன்னிசா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். தோல் வறண்டு வெடித்த கைகளை மடியில் மல்லாத்திப் போட்டிருந்தாள். பக்கத்தில் காமாக்ஷி, மடியில் தயிர்சாத டப்பாவும் கையில் ஸ்பூனுமாக. எதிரே நூர் முகம்மது. அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலடியில் கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தான் ஆர்யன். மூன்று வாரமாக இந்த வீட்டுக்குப் பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

"வாங்கோ" என்றாள் காமாக்ஷி. "நீங்களாவது சொல்லுங்கோ. ஒரு வாய் உள்ள போகலை. பத்ரு, எனக்காக ஒரே ஒரு வாய்டி."

ப்ரியம்வதா சிவப்புப் பொட்டு டப்பாவைத் திறந்தபடி டீப்பாயில் வைத்தாள். "கராஜ்ல இருந்தது. சர்க்கரை இருக்கு, எறும்பு வந்துடும். யாரு போட்டதோ."

"நான் போட்டதுதான்!" காமாக்ஷிக்கு முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் சாவைத் தவிர வேறு ஒன்றைப் பேசக் கிடைத்ததே என்கிற மலர்ச்சி. "அன்னிக்கு பார்க்கிங் லாட்ல. பசங்க ரெண்டு பேரும் வந்து இறங்கினாளா, இவன் பேக்பேக்கை என் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டான். ஏதோ ஈரமா இருக்கேன்னு திறந்தா, பத்ருவோட டப்பா. பால் ஒட்டிண்டிருந்தது. சரி, வழக்கம்போல இவனுக்கும் தேங்காய்ப்பால் குடுத்திருக்கான்னு நெனச்சுண்டேன். வாட்டர் பாட்டில்ல அலசி, காபிக்கு வச்சிருந்த சர்க்கரையை ஒரு பிடி போட்டு, பத்ரு பையில சொருகிட்டேன். காலியாவா திருப்பிக் குடுக்கறது?"

"அம்மா" என்றான் ஆர்யன். "ஸ்டாப்."

"ஏன்டா, இதுல என்ன இருக்கு?"

பத்ருன்னிசா தலையை நிமிர்த்தினாள். மூன்று வாரத்தில் அவள் முதன்முறையாக ஒரு பேச்சைக் கவனித்தாள். "நான் ஆர்யனுக்குப் பால் குடுக்கலியே காமாக்ஷி" என்றாள் மெதுவாக. "ஜுஹைருக்கு மட்டும்தானே ஊத்தினேன்."

ப்ரியம்வதா ஃபோனை காமாக்ஷியிடம் நீட்டினாள். "இந்த டப்பாவைத் தெரியுதா பாருங்க."

"எங்காத்து டப்பான்னா இது! பொட்டு இல்லையே. ஒண்ணு குறையறதுன்னு கிச்சன் பூரா தேடிண்டிருக்கேன். எங்கே இருந்தது?"

"ஜுஹைர் லாக்கர்ல. இதுல இருந்த பாலைத்தான் அவன் ஊத்திச் சாப்பிட்டான்."

காமாக்ஷியின் கை ஸ்பூனோடு நின்றுவிட்டது. அவள் முட்டாள் இல்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் தன் வாயால் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். அது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"இல்ல" என்றாள். "இல்ல, எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. அது வேற நாள். நான் ஆத்துலதான் அலசினேன். பேக்பேக்னு சொன்னேனா? பேக்பேக் இல்ல. ஆர்யா, நீ ஏன் பேசாம இருக்கே? சொல்லுடா."

ஆர்யன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஐ ஜஸ்ட் வான்டட் ஒன் கேம். ஒரே ஒரு மேட்ச். அவன் இருக்கற வரைக்கும் நான் பெஞ்ச்தான். ஹி வுட் கெட் ஹைவ்ஸ், உடம்பெல்லாம் தடிக்கும், ஊசி போட்டுக்குவான், வெளிய உக்காருவான். தட்ஸ் ஆல். வர்ற வழியில அவன் காருக்கு கேஸ் போட இறங்கினப்ப மாத்தினேன். ஹி வாஸ் சப்போஸ்டு டு பி ஃபைன்."

"நம்பறேன்" என்றாள் ப்ரியம்வதா. "டப்பாவை மாத்தினப்ப நீ அவனைக் கொல்ல நினைக்கல. நம்பறேன். அப்புறம் ஊசியை எதுக்கு எடுத்த?"

ஆர்யன் கார்ப்பெட்டின் நூலைப் பிடுங்கத் தொடங்கினான்.

"ஊசி போட்டா சரியாயிடுவான். சரியாயிட்டா ரெண்டாவது பாதியில ஆட வந்தாலும் வருவான். லாக்கர் தட்டுல அதைப் பாத்ததும் அதான தோணுச்சு? போட்டோ எடுக்கப் போறப்ப அதைக் கையில மறைச்சு எடுத்துட்டுப் போன. நிஜார்ல பாக்கெட் இல்ல. போற வழியில கம்பம் இருந்தது. அவன் மூச்சுக்குத் துடிக்கிறப்ப பக்கத்துல நின்ன இல்ல? ஊசி எங்கேன்னு அத்தனை பேரும் கத்தினாங்க. ஓடிப் போய் எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"ஐ ஃப்ரோஸ்" என்றான் ஆர்யன்.

"ட்ரை போடறப்ப உறையல."

நூர் முகம்மது எழுந்து பாய்ந்தார். சுப்பையன் குறுக்கே விழுந்து அவரைக் கட்டிப்பிடித்தான். அடிக்கத் தூக்கிய கை காற்றில் இரண்டு தடவை ஆடிவிட்டு அவர் நெஞ்சிலேயே விழுந்தது. வாசல் கதவை ஆஃபீஃபா திறந்தாள். போலீஸ் உள்ளே வந்தது.

பத்ருன்னிசா மட்டும் அசையவில்லை. ஆர்யனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைப் பின்னால் கட்டும்போது கேட்டாள்.

"என் பாலை என்ன செஞ்சே?"

"ஆன்ட்டி?"

"என் புள்ளைக்கு ஊத்தின பால். அதை என்ன செஞ்சே?"

அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாகத் தமிழிலும் முழுசாகப் பேசினான். "நான் குடிச்சிட்டேன் ஆன்ட்டி. கொட்ட மனசு வரல."

பத்ருன்னிசா தலையை ஆட்டினாள், சரி என்கிற மாதிரி. அவனுக்கு நாலு வயதில் இருந்து அந்தப் பாலை ஊற்றிக் கொடுத்தவள் அவள். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

காமாக்ஷி பின்னாலேயே ஓடி, வாசலில் நிறுத்தப்பட்டு, திரும்பி வந்து ப்ரியம்வதாவின் முன்னால் நின்றாள். "பேச்சுக் குடுத்து என் வாயாலேயே வாங்கிட்டியே. நீயும் ஒரு பொம்மனாட்டியா? உனக்குக் குழந்தை இருக்கா?"

ப்ரியம்வதா ஃபோனில் ரிக்கார்டரை அணைத்தாள். அணைக்கிற சத்தம் கேட்டு காமாக்ஷி அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நூர் முகம்மது சோபாவுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். மனைவியின் கையைத் தொடப் போனார். "பத்ரு, நான் அன்னைக்குச் சொன்னது..."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபம் இல்லாமல்தான் பேசினாள். "நீங்க சொன்னதும் நான் நம்பிட்டேன். மூணு வாரமா இந்தக் கையைக் கழுவிக் கழுவிப் பாத்தேன். நீங்க அதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க."

"என்னை மன்னிச்சிடும்மா."

"அவன் கிட்டப் போய்க் கேளுங்க. மண்ணுக்குள்ள இருக்கான்."

பிறகு அவள் எழுந்தாள். காமாக்ஷி சோபாவில் விட்டுப்போன தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஆஃபீஃபா ப்ரியம்வதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். உம்மா அந்த வாசலைத் தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. குப்பைத்தொட்டி திறக்கிற சத்தம் கேட்டது. குழாய்த் தண்ணீர் ஓடியது. துடைக்கிற சத்தம்கூடக் கேட்டது. சுப்பையன் கையிலிருந்த பாக்கெட் இல்லாத நிஜாரை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தான்.

பத்ருன்னிசா வெளியே வந்தாள். வாசல் பக்கம் நின்ற காமாக்ஷியிடம் டப்பாவை நீட்டினாள்.

"இந்தா, உன் பாத்திரம்."

இருபது வருஷத்துப் பழக்கம். காமாக்ஷியின் கை தானாகவே அதை வாங்கியது, தானாகவே மூடியைத் திறந்தது. அவள் உள்ளே பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.